சுண்டுவிரல் தூங்குகிறது

டோக்கியோவின் உவேனோ நிலையத்தில் ஜோபன் தடத்து ரயிலைப் பிடித்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இவாமா. பாதி வழியில் இடப்பக்க ஜன்னலுக்கு சுகுபா மலை வந்து நிற்கிறது. உயரம் 877 மீட்டர்தான். சுற்றிலும் தட்டையான வயல் என்பதால் ஏதோ இமயத்தின் தம்பி மாதிரி ஒரு மிடுக்கு. நவம்பர் மாதம். அறுப்பு முடிந்த வயல்களில் தாள் மட்டும் மிச்சம் இருந்தது.

இவாமா சின்ன ஊர். 2006 முதல் கசாமா நகராட்சிக்குள் அடக்கம். அந்த வட்டாரத்துக்கு இரண்டு பெருமைகள்: கசாமா மண்பாண்டம், குரி எனப்படும் கஷ்கொட்டை. ஊருக்கு மேலே அதாகோ என்று ஒரு குன்று. அங்கே டிசம்பரில் நடக்கும் திருவிழாவைப் பற்றிக் கேட்டபோது என் காதுகளையே சந்தேகித்தேன். தெங்கு என்ற மலைப்பூத வேடமிட்ட பதின்மூன்று பேர் குன்றேறிப் படையல் வைத்துக்கொண்டே போவார்களாம். கூட்டம் அவர்கள் பின்னாலேயே போய் வாய்க்கு வந்தபடி திட்டுமாம். வருஷம் முழுக்கக் குனிந்து வணங்கும் ஒரு நாட்டில் ஒரு நாள் வசைக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். நான் போனது ஒரு மாதம் முன்னதாக. இன்றுவரை அந்த வருத்தம் உண்டு.

நான் போனது விழாவுக்காக அல்ல. ஐகிடோவை உருவாக்கிய மொரிஹெய் உவேஷிபா, டோக்கியோவில் இருந்த பெரிய பயிற்சிக்கூடத்தை மகன் கிஷோமாருவிடம் விட்டுவிட்டு, 1942-ல் இந்த ஊருக்கு வந்து மண்வெட்டி பிடித்தார். உழுவதும் போர்க்கலையும் ஒன்றே என்பது அவர் கட்சி. போர் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் இங்கேதான் அதிகம் இருந்தார். அவர் எழுப்பிய ஐகி கோயிலும் பயிற்சிக்கூடமும் இன்றும் இங்கே இருக்கின்றன. கோயில் என்றதும் கோபுரத்தைத் தேட வேண்டாம். மரங்களுக்கு நடுவே வயதான ஒரு மரக் கட்டடம், அவ்வளவுதான். நான் போன காலையில் யாரோ வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். பெருக்கி முடித்த இடத்தில் மறுபடி இலை விழுந்தது. அவர்களும் மறுபடி பெருக்கினார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் நாங்கள் நான்கு பேர். ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடியில் ரப்பர் விரிப்புப் போட்டு, கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்து, வீடியோ பார்த்தே இரண்டு வருஷம் ஐகிடோ பழகினோம். வீடியோவை நிறுத்தலாம், மெதுவாக ஓட்டலாம், பின்னால் தள்ளலாம். கால் எங்கே போகிறது, இடுப்பு எப்படித் திரும்புகிறது, எல்லாம் தெரியும். ஒருநாள் ஷிஹோநாகே என்ற எறிதலைப் பழகும்போது என் நண்பர் பிடரி அடிபட விழுந்தார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அரை நிமிஷம் அவர் கண் என்னைப் பார்க்கவில்லை, எங்கேயோ பார்த்தது. அந்த அரை நிமிஷம்தான் எனக்கு விமானச் சீட்டு வாங்கிக் கொடுத்தது.

பக்கத்து ஊரில் ஓர் ஆசிரியர், வயது எழுபத்தெட்டு. பள்ளிப் பையனாக இருந்தபோது உவேஷிபாவைக் கண்ணால் பார்த்தவர். பிறகு உவேஷிபாவின் மாணவர் மொரிஹிரோ சைத்தோவிடம் நெடுங்காலம் படித்தவர். மாலை ஏழு மணிக்கு ஊர்ப் பொதுக்கூடத்தின் ஓர் அறையில் ததாமி பாய்களை விரித்து வகுப்பு. மாணவர் பதினோரு பேர். அவர்களில் அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவுக்கு ஆங்கிலம் வரும். பத்து நாளும் என் வாயும் காதும் அவர்தான்.

முதல் நாள், ஆசிரியர் வலது கையை நீட்டி, பிடி என்று சைகை காட்டினார். பிடித்தேன். கிழவர் கை, மெலிந்தது, தோல் சுருங்கியது. மெதுவாகத்தான் பிடித்தேன். அவர் முகம் மாறியது. ஏதோ சொன்னார். அஞ்சலக அம்மா தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார்: "இப்படிப் பிடித்தால் நான் எதைக் கற்றுக்கொள்வது என்று கேட்கிறார்." நாணி, முழுப் பலத்தோடு பிடித்தேன். இவாமா வழிப் பயிற்சியில் பிடி அப்படித்தான் இருக்க வேண்டுமாம். பிடித்த கணத்திலேயே அவர் என் கையைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்கள் சுண்டுவிரல் தூங்குகிறது. யாரிடமும் படிக்கவில்லை போலிருக்கிறது, பார்த்தே கற்றிருக்கிறீர்கள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகுதான் புரிந்தது. நாம் ஒரு பொருளை இறுக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் முந்திக்கொள்ளும். அப்படி இறுக்கினால் தோள் தூக்கிக்கொள்ளும், மூச்சு மேலே நின்றுவிடும். வாளைப் பிடிக்கிறவர்கள் சுண்டுவிரலாலும் மோதிரவிரலாலும் பிடிப்பார்கள், மற்றவை சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். அது பார்த்து வருகிற விஷயமே இல்லை. எத்தனை துல்லியமான கேமராவாக இருந்தாலும் ஒரு விரல் அழுத்துகிறதா, சும்மா சுற்றியிருக்கிறதா என்று காட்டாது. தொட்டவருக்குத்தான் தெரியும். இரண்டு வருஷம் எங்கள் நால்வர் கையிலும் சுண்டுவிரல் தூங்கியிருக்கிறது. எழுப்ப ஆளில்லை.

அடுத்த மூன்று நாளும் எனக்கு அவர் எறியவே கற்றுத் தரவில்லை. விழக் கற்றுத் தந்தார். உகேமி என்று பெயர். முகவாயை நெஞ்சோடு சேர்த்து இடுப்புக்கட்டின் முடிச்சைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பிடரி தானாகவே தரையை விட்டு விலகி நிற்கும். முன்பக்கம் உருள்வதானால் கையைச் சக்கரமாக வளைத்து, தோளில் தொடங்கி முதுகின் குறுக்காக எதிர்ப்பக்க இடுப்பில் முடிக்க வேண்டும். முதுகெலும்பு நேராகப் பாயில் படவே கூடாது. படித்தால் நாலு வரி. செய்தால் மூன்று நாள். முதல் நாள் நான் உருண்டது மூட்டை உருண்டது மாதிரி இருந்தது, ஒவ்வொரு முறையும் ஒரு மூலை இடித்தது. அவர் பாயருகே மண்டியிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆமாம், கேட்டார். எங்கே 'தொப்' என்று சத்தம் வருகிறதோ அந்த இடத்தை விரலால் என் உடம்பில் தொட்டுக் காட்டுவார். ஒரு தடவைக்கு ஒரே ஓர் இடம். அதற்கு மேல் திருத்தமாட்டார். எனக்கே நான்கைந்து தவறு தெரியும், அவற்றைச் சொன்னால் கையசைத்து ஒதுக்கிவிடுவார். எந்தத் தவறை முதலில் எடுத்தால் மற்ற மூன்றும் தானே உதிரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் அறுபது வருஷத்தின் விலை என்று நினைக்கிறேன். நுட்பங்கள் புத்தகத்தில் இருக்கின்றன, இந்த வரிசை அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.

சென்செய் என்ற சொல்லுக்கு எழுத்தைப் பிரித்தால் 'முன் பிறந்தவர்' என்று பொருள். அந்த முன் பிறந்தவருக்கும் ஒரு முன் பிறந்தவர் உண்டு. உவேஷிபா 1915-ல் ஹொக்காய்டோ தீவில் குடியேறிகளோடு காடு திருத்திக்கொண்டிருந்தார். வயது முப்பத்தொன்று, ஏற்கெனவே முரட்டு உடம்பு, சில கலைகள் தெரியும். எங்காரு என்ற ஊரின் விடுதியில் தைத்தோ ரியூ ஆசான் சோகாகு தக்கேதாவைச் சந்தித்தவர், போன வேலையை மறந்து அங்கேயே தங்கிப் படிக்க ஆரம்பித்துவிட்டார். தக்கேதா லேசுப்பட்டவரல்ல. யார் படித்தார், எவ்வளவு கட்டினார் என்று பேரேடு வைத்திருந்த மனிதர். சைத்தோ கதை வேறு மாதிரி. 1946-ல் பதினெட்டு வயதில் இவாமாவில் சேர்ந்தார். ரயில்வே வேலை, ஒருநாள் முழுக்கப் பணி, மறுநாள் முழுக்க ஓய்வு. மற்றவர்கள் வேலைக்குப் போயிருக்கும் பகலிலும் அவரால் ஆசானோடு இருக்க முடிந்தது. வாளும் கோலும் அவருக்கு அப்படித்தான் கிடைத்தன. 1969-ல் உவேஷிபா இறக்கும்வரை கூடவே இருந்தார். ரயில்வேயின் பணிமுறைப் பட்டியலுக்கு ஐகிடோ எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்று யாராவது எழுதலாம்.

அந்த வாளும் கோலும் எனக்கு ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு, கஷ்கொட்டைத் தோப்பில் வந்தன. விரல் நுனி மரத்துப்போகிற குளிர். தரையெல்லாம் முள்ளுறை காய்ந்து கிடந்தது. மரவாளை மேலே தூக்கி, நேராக இறக்கு. இதை நூறு தடவை. பிறகு வாளைக் கீழே வைக்கச் சொல்லி, தன் மணிக்கட்டை என் கையில் கொடுத்து, அதே மாதிரி தூக்கி இறக்கு என்றார். தூக்கினேன், அடியில் நுழைந்து திரும்பினேன், இறக்கினேன். நின்றுவிட்டேன். அது ஷிஹோநாகே. மொட்டை மாடியில் நண்பரை மயங்க வைத்த அதே எறிதல். நாங்கள் அப்போது அவர் கையை வெளிப்பக்கமாக இழுத்து நீட்டியிருந்தோம். கை உடம்பை விட்டு விலகினால் விழுகிறவர் முழங்கையும் தோளும் சிக்கி, உருள வழியில்லாமல் தலை முதலில் போகும். வாளை இறக்குவது போல் அவர் தோளுக்கு நெருக்கமாக, நேர் கீழே இறக்கினால் அவரால் பின்காலை மடித்து உட்கார்ந்து உருள முடியும். வித்தியாசம் ஒரு சாண். அந்தச் சாணை வீடியோவில் நாங்கள் நூறு முறை பார்த்திருக்கிறோம்.

நண்பர் விழுந்ததை அஞ்சலக அம்மா மூலம் ஆசிரியரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குளிரில் வெறும் தலையைத் தடவிக்கொண்டு, "எறிகிறவன்தான் விழுகிறவனின் தலைக்குப் பொறுப்பு" என்று மட்டும் சொன்னார்.

இன்னொன்று. என் வலது தோளில் பழைய பைக் விபத்தின் மிச்சம் உண்டு. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் ஓரமாக உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயம். இரண்டாம் நாளிலிருந்தே என்னை ஓர் இளைஞனோடு சேரவிடாமல், மெதுவாக எறியும் ஒரு பெரியவரோடு சேர்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கொஞ்சம் அவமானம்கூட. எட்டாம் நாள்தான் அந்த அம்மா சொன்னார்: "நீங்கள் வலது பக்கம் உருளும்போது ஒரு கணம் மூச்சைப் பிடிக்கிறீர்களாம்." அந்த இளைஞன் நல்லவன்தான், ஆனால் இன்னும் அடுத்தவர் மூச்சைக் கேட்கத் தெரியாதவன் என்றாராம்.

எல்லாம் இனிப்பு என்று சொல்ல முடியாது. சப்பணமிட்டு மணிக்கணக்கில் உட்காரும் எனக்கு, முழங்கால் மடித்து உட்காரும் சேய்சா நரகம். பத்து நிமிஷத்தில் கால் இருக்கும் இடம் தெரியாது. எழுந்தால் தெரியும், அது இன்னும் மோசம். ஆசிரியர் ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. திரும்பச் செய்து காட்டுவார், அவ்வளவுதான். கேள்வி கேட்டே வளர்ந்தவனுக்கு இது எரிச்சல். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் முழுசாக அடங்கவில்லை.

ஒவ்வொரு வகுப்பும் கொக்யூ தோசா என்ற பயிற்சியில் முடியும். இருவரும் மண்டியிட்டு எதிரெதிரே உட்கார, ஒருவர் மற்றவரின் இரு மணிக்கட்டையும் பிடித்துக்கொள்வார். பிடிபட்டவர் எழாமல், இழுக்காமல், பிடித்தவரைச் சாய்க்க வேண்டும். கடைசி நாள் ஆசிரியரே என் முன்னால் வந்து உட்கார்ந்தார். பிடித்தார். ஒன்பது நாளும் அந்தப் பிடி ஒரு பாறாங்கல். நான் தள்ளினால் அவர் அசையவில்லை, என் இடுப்புதான் பின்னால் போனது. தள்ளுவதை விட்டேன். சுண்டுவிரலை நினைத்தேன். விரல்களை விரித்து, முழங்கையைக் கீழே விட்டு, வாளைத் தூக்குவது போல் மெல்லத் தூக்கினேன். எங்கோ ஓர் இடத்தில் எதிர்ப்பு காணாமல் போயிற்று. ஆசிரியர் இடப்பக்கம் சாய்ந்து, சத்தமே இல்லாமல் உருண்டு, சிரித்துக்கொண்டே எழுந்தார். வணங்கினார். அடுத்தவரிடம் போய்விட்டார்.

பாயைச் சுருட்டும்போது அஞ்சலக அம்மாவிடம் கேட்டேன்: "உண்மையைச் சொல்லுங்கள். நான் சாய்த்தேனா, அவராக விழுந்தாரா?"

அவர் பாயின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: "பதினான்கு வருஷமாக நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் உங்கள் பக்கம் தூக்குங்கள், சுவரில் இடிக்கிறது."