எட்டுக்கு முப்பத்தொன்பது

வைகாசி 20

மதுரையில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பியதில் காது இன்னும் இரைகிறது. கயத்தாறிலிருந்து கோவில்பட்டி வரை நாலுவழிச் சாலை நூல் பிடித்த மாதிரி கிடக்கிறது. எல்லாரும் நூறில் பறக்கிறார்கள். நம் அம்பாசடர் எண்பதைத் தொட்டதுமே இன்ஜின் கத்த ஆரம்பிக்கிறது. டாப் போட்ட பிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, ஸ்டீயரிங் கழுத்தில் இன்னொரு கியரைத் தேடுகிறது. பின் சீட்டிலிருந்து வீட்டுக்காரி ஏதோ சொன்னாள். சாத்தூரில் சேவு வாங்கச் சொன்னாள் என்பது விருதுநகர் வந்த பிறகுதான் தெரிந்தது.

வண்டியைக் குறை சொல்ல முடியாது. 1977 மாடல், மார்க் 3. அது உத்தரபாராவிலிருந்து கிளம்பி வந்த காலத்தில் திருநெல்வேலி – மதுரை ரோட்டில் எதிரே லாரி வந்தால் இடது சக்கரத்தை மண்ணில் இறக்க வேண்டும். ஏழு பேரையும் கூரை மேல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, மாட்டுவண்டிக்குப் பின்னால் ஊர்ந்து, மலையும் ஏற வேண்டும். அதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

வைகாசி 22

பின் ஆக்ஸிலில் என்ன பல் கணக்கு என்று பார்க்க, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கினேன். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, நியூட்ரலில் போட்டேன். புரோப்பல்லர் ஷாஃப்ட்டில் சுண்ணாம்புக் கோடு. தூக்கிய சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் டிஃபரன்ஷியல் பாதியாகத்தான் கணக்குக் காட்டும். அதனால்தான் இரண்டு சுற்று.

ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. பினியனில் 8 பல், கிரவுனில் 39. வகுத்தால் 4.875.

வைகாசி 23

மழைச்சாரல். வெளியே போக முடியவில்லை. தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

5.90-15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் ஓடும். மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் சக்கரம் நிமிடத்துக்கு 667 சுற்று. டாப் கியர் நேர் கியர், எனவே 4.875-ஆல் பெருக்கினால் இன்ஜின் 3,250 சுற்று. 1,489 சி.சி. இன்ஜினின் ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர். அப்படியானால் பிஸ்டன் வினாடிக்கு 9.6 மீட்டர் மேலும் கீழும் ஓடுகிறது. இன்ஜின் உடைந்துவிடும் வேகம் இல்லை இது. ஆனால் மதுரை வரை இரண்டரை மணி நேரம் அப்படி ஓடினால் எண்ணெயும் குடிக்கும், மனுஷன் காதையும் குடிக்கும்.

பின்னால் 10/43 ஜோடி போட்டால் 4.3. அதே 80-க்கு 2,870 சுற்றுதான். 11/43 போட்டால் 3.909, சுற்று 2,600-க்கு இறங்கிவிடும்.

நூல் மில் ரிங் ஃபிரேமில் காலத்தை ஓட்டியவனுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. நூல் நம்பர் மாறினால் நாங்கள் மோட்டாரைத் தொட மாட்டோம். சேஞ்ச் பினியனைக் கழற்றிவிட்டு, பல் கூடியதையோ குறைந்ததையோ மாட்டுவோம். 1880களில் ஹார்வி சகோதரர்கள் இந்த மலையடிவாரத்தில் மில் வைத்ததே பாபநாசத்தில் விழுகிற தண்ணீர் விசைக்காகத்தான். விசை ஒரே இடத்திலிருந்து வரும். எந்த மெஷின் எவ்வளவு சுற்ற வேண்டும் என்பதைப் பல்லும் கப்பியும் முடிவு செய்யும்.

வைகாசி 25

11/43 மேல் ஆசை வந்தது. அது எம்.ஜி.பி. என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரின் கணக்கு. 1962-இல் வந்த வண்டி. நம் அம்பாசடரின் தாய்வழிச் சொந்தம் என்றே சொல்லலாம். இரண்டுக்கும் பி.எம்.சி. கம்பெனியின் 'பி சீரிஸ்' இன்ஜின்தான். ஆனால் எம்.ஜி.பி.க்கு 1,798 சி.சி., இரண்டு கார்புரேட்டர், தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு. கூடுதல் காசு கொடுத்தால் ஓவர்டிரைவும் தருவார்கள். நமக்கு இருப்பது ஐம்பது சொச்சம் குதிரைசக்தி. முன்னால் காற்றைத் தள்ளுவதோ ஒரு வீட்டுச் சுவர். 3.909 போட்டால் டாப் கியர் படத்துக்குத்தான். சின்ன மேட்டுக்கும் மூன்றாவதுக்கு இறங்கினால் பிறகு என்ன நிம்மதி?

1955-இல் வந்த எம்.ஜி.ஏ.க்கு இதே 1,489 சி.சி. இன்ஜின். அதற்கே 10/43தான் போட்டிருந்தார்கள். அந்த எஞ்சினியர்கள் விவரம் தெரியாமலா போட்டிருப்பார்கள்?

ஆனி 2

மேலப்பாளையத்தில் பாயின் ஒர்க்ஷாப். அம்பாசடருக்கென்றே தாடி நரைத்தவர். விஷயத்தைச் சொன்னதும் ஒரே போடாகப் போட்டார்: "கிரவுனை ஏன் அண்ணாச்சி நோண்டுதிய? இசுசு பாக்ஸைப் போட்டுருவோம். அஞ்சாவது கியரைத் தட்டிவிட்டா வண்டி உறங்கிக்கிட்டே போவும்லா."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1990களில் அம்பாசடருக்கு 1.8 லிட்டர் இசுசு இன்ஜினும் ஐந்து கியர் பாக்ஸும் வந்தன. ஐந்தாவது கியர் ஓவர்டிரைவ். முதல் கியர் மலைக்கு, ஐந்தாவது நெடுஞ்சாலைக்கு; எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பின் கிரவுனை மாற்றினால் எல்லாக் கியரும் சேர்ந்தே உயர்ந்துவிடும், முதல் கியரும்கூட. எஞ்சினியரிங் என்று பார்த்தால் பாய் சொல்வதே மேல்.

ஆனால் அந்தப் பாக்ஸ் நம் பழைய இன்ஜினோடு நேராகப் பொருந்தாது. நடுவில் தகடு கடைந்து வைக்க வேண்டும், புரோப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டிச் சேர்க்க வேண்டும், தரையில் ஓட்டை போட வேண்டும். ஸ்டீயரிங் கழுத்துக் கியர் போய் முன் சீட்டு நடுவே கம்பி முளைக்கும். பேரன் உட்காரும் இடம் அது. இன்ஜினையும் சேர்த்தே மாற்றலாம் என்றால் ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் மாறும், அனுமதிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடக்க வேண்டும்.

"பினியனே போதும் பாய். நாளைக்கே பிடிக்கலன்னா பழசை மாட்டிக்கிடலாம்."

"உங்க வண்டி, உங்க இஷ்டம்" என்று டீ சொன்னார்.

பக்கத்தில் நின்ற ஒருவர், ஐம்பது வயது ஆனதும் விண்டேஜ் நம்பர் வாங்கிவிடலாமே என்றார். 2021-இல் வந்த மத்திய விதிப்படி அந்த வண்டிகளுக்கு 'வி.ஏ.' எழுத்துப் போட்ட நம்பர் கிடைக்கும். கண்காட்சி, பேரணி என்று எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. ஓட்டாத வண்டிக்கு எட்டுப் பல் இருந்தால் என்ன, பத்துப் பல் இருந்தால் என்ன!

ஆனி 9

2014 மே மாதம் உத்தரபாராவில் அம்பாசடர் நின்றுபோனதிலிருந்து சாமான் தேடுவது தனி உத்தியோகம். உடைத்துப் போட்ட வண்டியிலிருந்து 10/43 ஒன்று பாய்க்குக் கிடைத்துவிட்டது. கிரவுனும் பினியனும் ஒரே வண்டியில் ஓடிய ஜோடியா என்பதைத்தான் முதலில் கேட்டேன். இரண்டையும் ஒன்றோடொன்று உரசவிட்டுத்தான் முடிக்கிறார்கள். ஒன்றின் பினியனை இன்னொன்றின் கிரவுனோடு சேர்த்தால் ஆயுசுக்கும் ஊளையிடும்.

அரை ஆக்ஸில்களை வெளியே இழுத்ததும் டிஃபரன்ஷியல் முழுதாக முன்பக்கம் கழன்று வந்தது. மாட்டுவது சுலபம், உட்கார வைப்பதுதான் வேலை. பல்லில் நீலம் தடவி, சுற்றிப் பார்த்து, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓரத்தில் விழுந்தால் திரும்பக் கழற்றி, தாள் மாதிரி மெல்லிய ஷிம் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். பாய் எத்தனை தடவை கழற்றினாரோ, அலுக்கவே இல்லை. வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, "இன்னும் ஒரு மயிரிழை" என்பார். மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. கடைசியில் ஈபி 90 எண்ணெயை ஊற்றி மூடினோம். பழைய ஜோடியைக் கிரீஸ் தடவி ஒரே சாக்கில் கட்டிக் கொடுத்தார்.

ஆனி 14

கங்கைகொண்டான் தாண்டியதும் கைக்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டேன். கிலோமீட்டர் கல்லுக்குக் கல் 45 வினாடி பிடித்தால் சரியாக 80. ஸ்பீடாமீட்டர் முள் 70-ஐக் கொஞ்சம் தாண்டித்தான் நின்றது. கேபிள் கியர் பாக்ஸிலிருந்து வருகிறது. பின்னால் பல் மாறியது அதற்குத் தெரியாது.

இன்ஜின் சத்தம் ஒரு படி இறங்கியிருக்கிறது. முன்பு அறுபத்தைந்து, எழுபதில் இருந்த நிதானம் இப்போது எண்பதில் இருக்கிறது. பேசினால் கேட்கிறது. கூடவே இடது கதவுக் கண்ணாடி ஆடுவதும், டேஷ்போர்டு மூடி கடகடப்பதும் கேட்கிறது. இவ்வளவு காலமும் இன்ஜினுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சத்தங்கள். பெட்ரோல் மிச்சமா என்று நாலைந்து டேங்க் நிரப்பிய பிறகு பார்க்கலாம்.

கயத்தாறில் காற்றாலைகள் எல்லாம் மேற்கே பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. ஆனிக் காற்று பக்கவாட்டில் அடித்தபோது வண்டி ஆடியதே தவிர வேகம் குறையவில்லை. மேம்பால ஏற்றத்தில் எட்டுப் பத்துக் கிலோமீட்டர் விழுகிறது, இறக்கத்தில் திரும்ப வருகிறது. திருநெல்வேலியிலிருந்து வீட்டுக்கு மேற்கே திரும்பியதும்தான் சங்கதி வேறு. பத்தமடையிலிருந்து காற்று நேரே முகத்தில். டாப்பில் இழுக்காமல் முனகியது. மூன்றாவதுக்கு இறக்கித்தான் சேரன்மகாதேவியைத் தாண்டினேன்.

ஆடி 5

அமாவாசைக் கூட்டத்துக்கு முன்பே சொரிமுத்தையனாரைப் பார்த்துவிடலாம் என்று வீட்டில் எல்லாரும் கிளம்பினோம். பாபநாசம் செக்போஸ்ட் தாண்டி ஏற்றம் தொடங்கியது. பல் மாற்றியதில் இழுவை நூற்றுக்குப் பன்னிரண்டு குறைந்திருக்கிறது என்று தாளில் எழுதியிருந்தேன். கொண்டை ஊசி வளைவில் அது காலுக்குத் தெரிந்தது. முன்பு இரண்டாவதிலேயே முக்கி முக்கி ஏறிய இடம். இப்போது முதல் கியர் கேட்கிறது. இந்தப் பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டியை ஏறக்குறைய நிறுத்த வேண்டும், இல்லையென்றால் இரண்டு தடவை கிளட்ச் மிதித்து, நடுவில் ஆக்ஸிலேட்டரை ஒரு உதை கொடுத்துப் போட வேண்டும். மில் ஜீப்பில் பழகியதால் கால் மறக்கவில்லை. மாப்பிள்ளைக்கு இந்த வண்டியை மலைக்குக் கொடுக்க மாட்டேன்.

இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பும் அதே அளவு குறைவு. இரண்டாவதில் விட்டாலும் வண்டி ஓடப் பார்க்கிறது, பிரேக்கைத் தேட வேண்டியிருக்கிறது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். அகஸ்தியர் அருவி விலக்குக்கு வரும்போது சூட்டு வாடை. ஓரமாக நிறுத்தி எல்லாரையும் இறக்கிவிட்டேன். குரங்குகள் கூரையில் ஏறிவிட்டன.

மலைக்கு வருஷத்தில் சில தடவைதான். மதுரைக்கு மாதம் தவறாது. என் கணக்குக்கு 10/43 சரி. மலைக்கு ஆள் ஏற்றி ஓட்டுகிற ஒருவர் கேட்டால் 8/39-ஐத் தொடாதே என்பேன்.

ஆடி 9

டேஷ்போர்டில் சீட்டு ஒட்டினேன்: 50 என்றால் 57, 60 என்றால் 68, 70 என்றால் 79. அம்பாசமுத்திரம் பஜாரில் முள் 40 காட்டினால் 45-இல் போகிறோம். வீட்டுக்காரி படித்துப் பார்த்துவிட்டு, மீட்டரை மாற்றாமல் மனுஷன் மனக்கணக்குப் போட வேண்டுமா என்றாள். மீட்டர் ரிப்பேர்காரர் மதுரையில்தான் இருக்கிறார்.

பிரேக் லைனிங், வீல் சிலிண்டர் ரப்பர் எல்லாம் புதிதாகப் போடச் சொல்லி பாய்க்குப் போன் செய்தேன். சத்தம் குறைந்ததில் தொண்ணூறு வந்துவிடுவதே தெரிவதில்லை. நிறுத்துகிற சாமான்களோ 1977-இலேயே நிற்கின்றன. ஆடிப்பெருக்கு கழித்து வண்டியை விடச் சொல்லியிருக்கிறார்.