கல்லே போர்வை

றியாத்தில் தொழில் செய்து வந்த நம்மவர்கள் பலர், "அங்கே மண் ஏது? வெறும் கல்தான்" என்பர். நகருக்கு மேற்கே, சுமார் 800 கிலோமீற்றர் நீளும் துவைக் சுண்ணாம்புக்கல் மேட்டைக் கண்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் மண் உண்டு. பல இடங்களில் ஒரு சாண் ஆழமுமில்லாத, வெளிறிய சரளை மண்; கீழே பாறை. மேலே பரந்த கற்களே அதற்குப் போர்வை. காற்று மண்ணை அள்ளாமலும், ஈரம் விரைவில் உலராமலும் அவை காக்கின்றன.

ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீற்றர் மழைதான். மேட்டில் தங்காத நீர், நுண்மண்ணையும் சுமந்து பள்ளங்களில் சேரும். அங்கே புல் முளைக்கும். ஆடும் ஒட்டகமும் மேயும். அத்தகைய பசும்பள்ளத்தை அறபியர் 'ரவ்ழா' என்பர். அதன் பன்மையான 'ரியாழ்' என்பதே அந்நகரின் பெயர்.

மந்தை மிகுந்தாலும், வாகனங்கள் தாறுமாறாக ஓடினாலும் அப்போர்வை கிழிந்துவிடும். போன மண் ஓர் ஆயுளில் திரும்பாது. அங்கு செல்வோரே, கற்களைக் கலைக்காமல் பார்த்து வாருங்கள்.