மணி, விடு!



எங்க வீட்டு நாய் பேரு மணி. ஐந்து மாதக் குட்டி, செவலை நிறம். இந்த வயசில் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். அதனால் கிடைச்சதை எல்லாம் கடிக்கும். செருப்பு, துடைப்பம், தம்பியோட ஜாமெட்ரி பாக்ஸ் எதையும் விடாது. ஒருநாள் பாட்டியின் பிரஷர் மாத்திரை அட்டையைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அப்பா கையை நீட்டினதும் உர்ருன்னு உறுமியது. "நாளைக்கு தம்பியக் கடிச்சு வச்சா என்ன பண்றது? ஏரிக்கரையில கொண்டு போய் விட்டுடறேன்" என்று அப்பா சொல்லிட்டாங்க. எனக்குச் சோறே இறங்கல. ரெண்டு வாரம் டைம் கேட்டேன்.

மணிக்கு வெறிநாய்த் தடுப்பூசி போடப் போனப்போ மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். "பிடுங்கினா விளையாட்டுன்னு நெனச்சு இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அடிச்சா, அடுத்த தடவை உறுமும், இல்லேன்னா முழுங்கிடும். பண்டமாற்று பண்ணும்மா" என்றார். நாம் சமூக அறிவியலில் படித்த அதே பண்டமாற்றுதான்!

முதலில் ஒரு பழைய கயிறைக் கடிக்கக் கொடுத்தேன். அவிச்ச முட்டையில் ஒரு துண்டை அதன் மூக்குக்கிட்ட காட்டினேன். முட்டைக்காக வாயைத் திறந்த அதே நொடியில் "விடு" என்று மெதுவாகச் சொல்லி, முட்டையைக் கொடுத்தேன். அப்புறம் கயிறையும் திருப்பிக் கொடுத்தேன். இதுதான் முக்கியம். விட்டால் நஷ்டம் இல்லை என்று அதுக்குப் புரியணும். தினமும் காலையும் மாலையும் 5 நிமிடம். நாலு நாள் கழித்து முதலில் "விடு" சொல்லி, பிறகு முட்டையைக் காட்டினேன். கயிறுக்கு அடுத்து பந்து, கடைசியில்தான் செருப்பு.

பாட்டி "போடு" என்பார். தம்பி "ட்ராப்" என்பான். மணி திருதிருன்னு முழிக்கும்! வீட்டில் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்லணும்.

ரெண்டாவது வாரம் சனிக்கிழமை அப்பாவோட செருப்பைக் கவ்வியது. அப்பா சாப்பிட்டுக்கொண்டே "விடு" என்றார். டப்பென்று போட்டுவிட்டது! அப்பா ஒண்ணும் பேசல. தட்டிலிருந்த இட்லியில் ஒரு துண்டைப் பிய்த்துப் போட்டாங்க. அதுக்கப்புறம் ஏரிக்கரைப் பேச்சை யாரும் எடுக்கல.

தோழர்களே, தோழிகளே! தெருநாயிடமும், உறுமுகிற நாயிடமும் இதைச் செய்து பார்க்காதீர்கள். எந்த நாய் கடித்தாலும், பல் கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். வீட்டில் சொல்லி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

நாய்க்குக் கை கிடையாது. வாய்தான் அதுக்குக் கை. அந்தக் கையில் இருப்பதைப் பிடுங்காமல், கேட்டு வாங்கிப் பாருங்கள். கொடுக்கும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி