கிள்ளையிலிருந்து வந்த ஒன்பது பேர்

என்.எஸ்.எஸ்.ல இருக்கிற உங்க ஃப்ரெண்ட் யாரோட போனையாவது வாங்கிப் பாருங்க. "இளைஞர் தலைமைப் பண்பு பயிற்சிப் பட்டறை" என்ற பேனருக்கு முன்னாடி நின்ன போட்டோ ஒண்ணாவது இருக்கும். என் போன்லயும் இருக்கு. போன வருஷம் சிதம்பரத்தில், ஒரு சின்ன மண்டபத்தில் எடுத்தது. அந்தப் போட்டோவில் 23 பேர் இருக்கோம்னு யாரும் எண்ணிப் பார்க்க மாட்டாங்க. நான் எண்ணியிருக்கேன்.

பட்டறையை நடத்தினது ஒரு சின்ன தொண்டு நிறுவனம். அதை நடத்துறவரை நாங்க எல்லாரும் "சார்"னுதான் கூப்பிடுவோம். சிதம்பரம் சுத்துவட்டாரக் கிராமங்களிலிருந்து 40 இளைஞர்கள், 2 நாள் பயிற்சி என்று கேட்டு ஒரு மானியம் வாங்கியிருந்தார். நான் பதிவு மேசை வாலண்டியர். இங்கிலீஷ் மீடியம் பொண்ணு என்பதால் கடைசியில் ரிப்போர்ட் எழுதுற வேலையும் எனக்குத்தான்.

இந்த மாதிரி நிதி ஒண்ணும் புதுசு இல்ல. நேரு யுவ கேந்திரா 1972லயே ஆரம்பிச்சது. நாம மார்க்குக்காகவும் சர்டிபிகேட்டுக்காகவும் சேர்ற என்.எஸ்.எஸ். அதுக்கும் முன்னாடி, 1969ல, காந்தி நூற்றாண்டு வருஷத்தில். ஸ்ரீபெரும்புதூரில் இளைஞர் மேம்பாட்டுக்கென்றே 1993லிருந்து ஒரு தேசிய நிறுவனம் இருக்கு. இளைஞர், வளரிளம் பருவத்தினர் மேம்பாட்டுக்கான மத்திய அரசுத் திட்டம் ஒண்ணில் "தலைமைப் பண்பு, ஆளுமை வளர்ச்சி" என்று தனித் தலைப்பே உண்டு. 2013 கம்பெனிச் சட்டம் வந்த பிறகு பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கணும், அதிலிருந்தும் பயிற்சிகளுக்குப் பணம் வருது. பணம் இருக்கு. அது கிராமத்துல இருக்கிற ஒரு பையன்கிட்டயோ பொண்ணுகிட்டயோ போய்ச் சேர்ற வழியில்தான் எங்க கதை.

முதல் நாள் காலை 10 மணிக்கு வந்தது 14 பேர். 12 மணிக்கு 23. அதோட சரி. ஆனா 40 புளியோதரைப் பொட்டலம் வந்து இறங்கிடுச்சு. சாயங்காலம் சார் என்னைத் தனியா கூப்பிட்டு, "அம்மா, ஷீட்டை நிரப்பிடு. உங்க ஹாஸ்டல் பிள்ளைங்க பேரைப் போட்டுக்கோ"ன்னார்.

நிரப்பினேன். கடலூருக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போதே 17 பேர் எழுதிட்டேன். எல்லாருக்கும் ஒரே ஊர் போட்டா சந்தேகம் வரும்னு பரங்கிப்பேட்டை, பு.முட்லூர், கிள்ளைன்னு பிரிச்சுப் போட்டேன். மீந்த 17 பொட்டலத்தையும் பையில் எடுத்துட்டுப் போனேன். புளியோதரைங்கிறதால கெடல. பிள்ளைங்க சாப்பிட்டாங்க, வேற வேற பேனாவில் கையெழுத்துப் போட்டாங்க. சாப்பாடாவது உண்மையா சாப்பிட்டாங்களே, அப்போ இது முழுப் பொய் இல்லையேன்னு அன்னிக்கு ராத்திரி எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

மறுநாள் காலை அதே ஷீட்டில் ரெண்டாவது நாள் கட்டத்தில் கையெழுத்து. கிள்ளையிலிருந்து வந்த ஒரு பொண்ணு பேனாவைக் கையில் வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாள். "அக்கா, கிள்ளையிலேர்ந்து நானும் என் ஃப்ரெண்டும்தானே வந்தோம்? இதுல ஒன்பது பேர் இருக்கு?"

நான் ஏதோ உளறினேன். அவ கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டா. கோபமெல்லாம் படல. அதுதான் எனக்கு என்னவோ பண்ணுச்சு.

டீ டைம்ல போய் அவ பக்கத்துல உட்கார்ந்தேன். மேல வீதிப் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை. ரெண்டு நாள் லீவு போட்டதால ரெண்டு நாள் சம்பளம் கட். "மத்தவங்க ஏன் வரல?"ன்னு கேட்டேன். "யாருக்கா சம்பளத்தை விடுவாங்க?" என்றாள். எங்க பட்ஜெட்டில் "பயணப்படி" என்று ஒரு வரி இருக்கு. டிக்கெட் காட்டினால்தான் தருவோம். 2021 மே மாசத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அவ கையில் இருந்தது பூஜ்ஜியம் ரூபாய் டிக்கெட். கடலூரிலிருந்து வந்த எனக்குப் பயணப்படி கிடைச்சது, அவளுக்கு இல்ல. விட்ட சம்பளத்துக்கு அந்தத் தாளில் வரியே கிடையாது. ஆனா பேனருக்கு ஒரு வரி, ஃபோல்டருக்கு ஒரு வரி, நினைவுப் பரிசுக்கு ஒரு வரி.

மதியம் சார்கிட்ட சொன்னேன். அவரைத் திருடன்னு நீங்க நினைச்சுடக் கூடாது, அதனால அவர் சொன்னதையும் எழுதறேன். மண்டப வாடகை 23 பேருக்கும் ஒண்ணுதான், 40 பேருக்கும் ஒண்ணுதான். மானியம் ரெண்டு தவணை. ரெண்டாவது தவணை கணக்குக் காட்டின பிறகுதான். அதுவரைக்கும் கைக்காசு. தலை எண்ணிக்கை குறைஞ்சா தொகை குறையும். "நான் ஒரு ரூபாய் எடுத்துக்கல, போட்டதைத் திரும்ப எடுக்கத்தான் பார்க்கிறேன்"ன்னார். அது உண்மைன்னு எனக்குத் தெரியும்.

அரசு மானியம்னா பயன்பாட்டுச் சான்றிதழ்னு ஒரு படிவம் உண்டு. பொது நிதி விதிகள் 2017ன்படி படிவம் 12-ஏ. வாங்கினது எவ்வளவு, செலவு எவ்வளவு, மீதி எவ்வளவு, கொடுத்த நோக்கத்துக்கே செலவாச்சுன்னு கையெழுத்து. எதையும் குறை சொல்ல முடியாத படிவம். ஆனா வந்தவங்க ஆறு மாசம் கழிச்சு என்ன செஞ்சாங்கன்னு கேட்கிற வரி அதில் இல்ல. எங்களை யாரும் கேட்கவும் இல்ல.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்குச் சாமியார்பேட்டைதான் ஞாபகம் வரும். நம்ம கடலூர் மாவட்டக் கடற்கரைதான், பரங்கிப்பேட்டைக்கு வடக்கே. 2002ல் இந்திய அரசும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து ஆரம்பிச்ச பேரிடர் அபாய மேலாண்மைத் திட்டத்தில் அந்த ஊர்க்காரங்களுக்கு மீட்பு, முதலுதவி, எச்சரிக்கைன்னு குழு குழுவாப் பயிற்சி கொடுத்திருந்தாங்க. அதுவும் வெளியிலிருந்து வந்த பணம்தான். 2004 டிசம்பர் 26 காலையில் அலை வந்தப்போ அந்தப் பயிற்சி எடுத்தவங்க தண்ணியில் இறங்கி ஆட்களை இழுத்துப் போட்டாங்க. அந்த ஊரிலும் உயிர்ப்பலி இருந்தது, மறைக்க வேண்டாம். ஆனா அந்தப் பயிற்சி நடந்தது அவங்க ஊரிலேயே, அவங்க கடலுக்கு முன்னாடி. யாரும் சம்பளத்தை விட்டுட்டு மண்டபத்துக்கு வந்து "தலைவர் என்பவர் யார்?" என்று பவர்பாயின்ட் பார்க்கல. (அந்த பவர்பாயின்ட்டும் நான் செஞ்சதுதான். 38 ஸ்லைடு.)

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தப்போ இங்கிலீஷ் தடையில்லாம வந்துச்சு. அதே பாராவை அந்தக் கிள்ளைப் பொண்ணுக்குத் தமிழில் சொல்றதா நினைச்சுப் பார்த்தேன். ஒரு வாக்கியம்கூட வாயில் நிக்கல. அழிச்சுட்டு, வந்தவர்கள் 23 என்று எழுதினேன். ஷீட்டில் 17 பேர் மேலயும் கோடு போட்டு ஓரத்தில் என் கையெழுத்தை வெச்சேன். சார் ரெண்டு நாள் போன் எடுக்கல. மூணாவது நாள் வரச் சொன்னார், படிச்சார், கையெழுத்துப் போட்டார். ரெண்டாவது தவணை குறைஞ்சுதான் வந்தது. அவர் கையை விட்டு எவ்வளவு போச்சுன்னு அவர் சொல்லல, கேட்க எனக்கும் தைரியம் வரல. நான் செஞ்சது சரின்னு சொல்றேன், அதுக்கான விலையைக் கட்டினது அவர். இது இன்னும் எனக்கு உறுத்துது.

ஜூனியர்ஸ், அடுத்த தடவை யாராவது உங்களை விண்ணப்பம் எழுதக் கூப்பிட்டா, ஃபோல்டர் வரியை எடுத்துட்டு "விட்ட கூலி"ன்னு ஒரு வரி கேட்டுப் பாருங்க. மறுக்கலாம். கேட்டதுக்குத் தாள் இருக்கும். 40ன்னு எழுதாம 20ன்னு எழுதுங்க, ஊருக்கே போங்க, கடை மூடுற கிழமையைக் கேட்டுட்டுத் தேதி வைங்க.

சார் இந்த வருஷப் பட்டறைக்கு என்னை இன்னும் கூப்பிடல. கிள்ளைப் பொண்ணு மட்டும் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். சர்டிபிகேட். அதில் அவ பேர் ஸ்பெல்லிங் தப்பு. டைப் அடிச்சது நான்தான். 17 பொய்ப் பேரில் ஒண்ணுகூடத் தப்பில்ல. திருத்தினதை பிரின்ட் எடுத்தாச்சு. சனிக்கிழமை கிள்ளைக்கு நேரில் எடுத்துட்டுப் போறேன்.