ராணியின் இரண்டு ஆணைகள்

களியக்காவிளைச் சந்தையைத் தாண்டினால் தமிழ்நாடு முடிந்துவிடுகிறது. பெயர்ப்பலகையில் எழுத்து மாறுகிறது, அவ்வளவுதான். அதே ரப்பர், அதே ஏத்தன் வாழை, அதே ஈரக்காற்று. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா இந்தப் பக்கம் வந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா அந்தப் பக்கமே நின்றுவிட்டது. மன்னராட்சிக் காலத்தில் எல்லாம் ஒரே திருவிதாங்கூர். அதை 1815 முதல் 1829 வரை ஆண்ட ராணி கௌரி பார்வதி பாயின் இரண்டு ஆணைகளை நகலெடுத்துப் பைக்குள் வைத்திருந்தேன். அவர் ஆண்ட மண்ணில் உட்கார்ந்து படித்துப் பார்க்கலாமே என்று ஒரு ஆசை.

பாறசாலையில் இறங்கி ஒரு டீக்கடைக்குள் நுழைந்தேன். பழம்பொரியைத் தாளில் வைத்து நீட்டிய சேச்சி, "அம்மச்சிப் பிலாவு பாக்கவா? அதுக்கு நெய்யாற்றின்கரை போணும்" என்றார். எதிரிகளுக்குப் பயந்து திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா ஒளிந்ததாகச் சொல்லப்படும் பலாமரம் அது. நான் ராணியைப் பற்றிக் கேட்டேன். "ஏது ராணி?" என்றார். ராஜா ஒளிந்த மரத்துக்கு வழி சொல்ல ஆள் இருக்கிறது!

முதல் தாள் 1817-ஆம் ஆண்டு ஆணை. மக்களுக்குக் கல்வி கொடுக்கும் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும், அறிவு பரவுவதில் நாடு பின்தங்கக் கூடாது, படித்தவர்கள் நல்ல குடிமக்களாகவும் நல்ல ஊழியர்களாகவும் ஆவார்கள், அதனால் அரசுக்கும் பெருமை என்பது அதன் சாரம். அக்கா லட்சுமி பாய் இறந்து, அக்காவின் இரண்டு வயது மகன் சுவாதித் திருநாளுக்காக இவர் ஆட்சிப் பொறுப்பேற்றபோது இவருக்கே வயது பதின்மூன்றுதான். ஆணை வந்தபோது பதினைந்து. பிரிட்டிஷ் ரெசிடெண்ட் மன்றோவின் கை இதில் இருந்திருக்கும் என்பார்கள். இருக்கட்டுமே, பெயரும் பொறுப்பும் ராணியுடையவை.

அப்படியானால் இரண்டாவது தாளும் அவருடையதுதான். 1829 பிப்ரவரி 3. சாணார் (இன்றைய நாடார்) பெண்கள் மேல்சாதிப் பெண்களைப் போல் தோள்சீலை போடக் கூடாது. கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் குப்பாயம் என்கிற மேல்சட்டை அணியலாம், அதோடு சரி. மற்றவர்களைப் போல ஊழியமும் செய்தாக வேண்டும். சம்பளமில்லாத அந்த ஊழியத்தை முதுகில் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இந்தச் சாலையில் என்னோடு பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். மிஷனரிகளுக்கு நாகர்கோவிலில் பங்களா கொடுத்து உதவியதும் இதே ராணி. சாணார் பெண்கள் எல்லாரும் மார்பை மறைத்துக்கொள்ள அனுமதி கிடைக்க 1859 வரை, அதுவும் ஒரு கலவரம் முடியும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

முதல் தாளை மட்டும் சட்டம்போட்டு மாட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. இரண்டாவதை மட்டும் தூக்கிக் காட்டுகிறவர்களோடும் உண்டு. இரண்டிலும் குரல் ஒன்றுதான். நாட்டுக்கு எது நல்லது என்று தனக்குத் தெரியும் என்கிற குரல். பள்ளிக்கூடம் நாட்டுக்கு நல்லது என்று அதற்குப் பட்டது. சாணாத்தியின் தோளில் சீலை கிடப்பது நல்லதாகப் படவில்லை. 'மக்கள்' என்று முதல் தாளில் எழுதியபோது யார் யாரை நினைத்திருந்தார் என்பதற்கு, பன்னிரண்டு வருஷம் கழித்து அவரே பதில் எழுதிவிட்டார்.

உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாறு, நெய்யாற்றின்கரை எல்லாம் பஸ் ஜன்னலில் ஓடின. பலாமரத்துக்கு இறங்கவில்லை. பாலராமபுரத்தில் மாறி ஊரூட்டம்பலம் போனேன். இங்கேதான் 1914-ல் ஒடுக்கப்பட்டோரின் தலைவர் அய்யன்காளி, பஞ்சமி என்கிற புலையர் சிறுமியைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குள் கூட்டிப்போனார். மேல்சாதிக்காரர்கள் பள்ளிக்குத் தீ வைத்தார்கள். ராணியின் முதல் ஆணைக்கு அப்போது வயது 97.

பஞ்சமி உட்கார்ந்ததாகச் சொல்லப்படும், பாதி கருகிய பெஞ்சு ஒன்றைப் பள்ளியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்த அரசுப் பள்ளிக்கு இப்போது அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயர்தான்.