அங்குல நாடாவும் ராகித்தாளும்

ஓசூரில் கால்நடை மருத்துவராக இருக்கும் நண்பர்தான், மாட்டை அளந்து தீவனக் கணக்குச் சொல்லும் ஓர் அம்மாவிடம் என்னை அனுப்பிவைத்தார். 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆனது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது. "அப்புறமும் மாட்டை விற்கிறவன் விற்றுக்கொண்டுதான் இருக்கிறான். வருமானம் தீவனத் தொட்டியிலேயே கரைகிறது, போய்ப் பாருங்கள்" என்றார்.

ஓசூரை ஒட்டியே மத்திகிரி. 1824இல் படைக்குதிரைகளுக்காகத் தொடங்கிய பண்ணை, பின்னாளில் அரசு கால்நடைப் பண்ணையாகி, இன்றும் 1,600 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. அதைத் தாண்டினால் மேய்ச்சலுக்கு இடமில்லை. சிப்காட் தொழிற்பேட்டையும் மனைப்பிரிவுகளும் நிலத்தை எடுத்துக்கொண்டன. கட்டுத்தறியிலேயே நிற்கும் மாட்டுக்கு என்ன போடுவது என்பதைத் தீவனக் கடைக்காரர் சொல்கிறார்.

கெலமங்கலம் பக்கத்து ஊரில் அந்த அம்மாவின் கருவிகள் இரண்டே: தையல்காரர் நாடா, கொக்கித் தராசு. ஒரு வீட்டுப் பசுவை முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்தார், 66 அங்குலம். தோள் முனையிலிருந்து பின்புட்டத்து எலும்புவரை 60. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தார். 396 கிலோ. "ஐநூறு இருக்கும்னு சொன்னியே தங்கச்சி, நூறு கிலோ மாடு எங்க போச்சு?" என்று வீட்டுக்காரப் பெண்ணிடம் கேட்டார்.

அந்த நூறு கிலோவில்தான் செலவு மறைந்திருக்கிறது. நூறு கிலோ எடைக்கு ஈரம் நீங்கிய கணக்கில் இரண்டரை முதல் மூன்று கிலோ தீவனம் வேண்டும். இந்த மாட்டுக்கு ஒரு நாளைக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு கிலோ. எட்டு லிட்டர் கறவைக்கு அவர் எழுதியது: கம்பு நேப்பியர் பசும்புல் 20 கிலோ, ராகித்தாள் 4, கலப்புத் தீவனம் 4, கூடவே தாது உப்பு. பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால், எல்லாம் சேர்ந்து பதினொரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. 

ராகித்தாளைக் கைவிடாதே என்பதுதான் அவர் வீட்டுக்கு வீடு சொல்வது. நெல் வைக்கோலைவிட அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். தாள் குறைந்து தவிடு ஏறினால் மாடு அசைபோடுவது குறையும், உமிழ்நீர் குறையும், இரைப்பையில் புளிப்பு ஏறும், பாலில் ஃபேட் இறங்கும். ஃபேட் இறங்கியதும் வீட்டில் இன்னொரு மூட்டை தவிடு வாங்குகிறார்கள். காசு கொடுத்து நோயை வளர்க்கிற காரியம் அது. பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில் புழு தின்று மிஞ்சிய மல்பெரித் தண்டையும் தொட்டியில் சேர்க்கச் சொல்கிறார்.

அவர் இதைக் கற்றது கடனால். கணவருக்கு ஓசூரில் ஒப்பந்த வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். கொட்டகை முழுக்க இவர் பொறுப்பு. பால் எடுக்கும் ஏஜெண்டே தீவனமும் கடனாகத் தந்தார்; பத்து நாளுக்கொரு முறை பால் பணத்தில் கழித்துக்கொண்டார். "மாசம் பூரா கறந்தேன் சார். கடைசியில நானே அவருக்கு பாக்கி." தாதுச் சத்துக் குறைந்து கன்று ஈன்ற பசு எழாமல் படுத்த இரவுக்குப் பிறகு, பயிற்சி முகாம் ஒன்றில் நாடா பிடிக்கக் கற்றார். இன்று அக்கம்பக்கத்து மாடுகளையும் அளக்கிறார். கூலியாகக் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார்.

என்னைக் கொதிக்கவைத்தது பீர் வேஸ்ட் வியாபாரம். பெங்களூருப் பக்கத்து ஆலைகளிலிருந்து வரும் சக்கை நல்ல தீவனம்தான், புரதம் உண்டு. ஆனால் நூறு கிலோ ஈரச் சக்கையில் 75 முதல் 80 கிலோ தண்ணீர். வெயிலில் இரண்டு மூன்று நாளில் புளித்துப் பூசணம் பிடிக்கும். எடைக்கு விலை சொல்லி ஈரத்தைச் சொல்லாமல் விற்பது, கிணற்றுத் தண்ணீரைக் கிலோ கணக்கில் விற்பதுதான். வாங்குகிறவர் கடன்பட்டவராக இருந்தால் வேறு தீவனம் கேட்கவும் முடியாது. பாலின் ஃபேட்டையும் எஸ்.என்.எஃப் எனும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் புள்ளி பிசகாமல் அளந்து விவசாயியின் விலையைக் குறைக்கத் தெரிந்த ஏற்பாட்டுக்கு, அதே விவசாயிக்குக் கொடுக்கும் தீவனத்தின் ஈரத்தையும் புரதத்தையும் சீட்டில் எழுதித் தரத் தெரியாதா? பால் சொசைட்டி ஒவ்வொன்றிலும் ஒரு நாடாவும் தராசும், அவற்றைப் பிடிக்கச் சம்பளம் பெறும் ஒரு பெண்ணும் இருந்தாக வேண்டும்.

கிளம்பும்முன், மாட்டை அளந்த வீட்டுப் பெண், நாளைக்கே பழைய தீவனத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். கூடாது என்றார் அந்த அம்மா. வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக இரண்டு வாரமாவது ஆகும். தவிட்டைத் தினம் ஒரு கைப்பிடி குறை, தாளை அதே அளவு கூட்டு, பதினைந்தாம் நாள் பாலை அளந்து வை, நான் வருகிறேன்.