தவறான செடி

ஹூஸ்டனில் எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு சிறு மண்தரை உண்டு. மூன்றாண்டுகளுக்கு முன், வசந்த காலத்தில், என் இளைய மகளும் நானும் செடிக்கடை ஒன்றிலிருந்து ஆறு மில்க்வீட் செடிகளை வாங்கிவந்து அங்கே நட்டோம். மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு வேறெந்தச் செடியையும் தின்னாது என்று பள்ளியில் கற்று வந்திருந்தாள். ஒரு முஸ்லிம் நட்டதைப் பறவையோ விலங்கோ தின்றாலும் அது அவருக்குத் தர்மமாகும் என்னும் நபிமொழியை அவளுக்குச் சொன்னேன்.

"புழு தின்னாலுமா, வாப்பா?"

புழு தின்றாலும்தான் என்றேன்.

கிள்ளிய காம்பில் வடிந்த பால் எனக்குப் புதிதன்று. காயல்பட்டினத்தில் நான் ஓதப் போன வழியெல்லாம் எருக்கு நிற்கும். மில்க்வீட் அதே குடும்பத்துச் செடி. எருக்கிலை தின்று வளரும் வெந்தய வரியனும் மொனார்க்கும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டுமே செடியின் நஞ்சை உடலில் சேர்த்துவைத்துப் பறவைகளிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்கின்றன. தொலைபேசியில் உம்மாவிடம் சொன்னபோது, "எருக்கம்பாலைப் பிள்ளை புழங்குற வீட்டுல வைப்பாங்களா?" என்று கடிந்துகொண்டார்கள். கண்ணில் பட்டால் கெடுதல் என்பது இரு செடிகளுக்கும் பொருந்தும். அன்றே கை கழுவும் சட்டம் ஒன்றை வீட்டில் பிறப்பித்தேன்.

செடிகள் சிவப்பும் மஞ்சளுமாய் ஓயாது பூத்தன. புழுக்களும் வந்தன. டிசம்பர் பிறந்தும் இலை வாடவில்லை. என் கைராசியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, ஃபஜ்ருக்குப் பின் மகள் என்னைத் தோட்டத்துக்கு இழுத்துச் சென்றாள். பொற்புள்ளிகள் பதித்த பச்சைக் கூடு ஒன்றைப் பல நாட்களாகக் காவல் காத்துவந்தாள். கூடு பிளந்திருந்தது, பூச்சி பாதி வெளிவந்து சிக்கிக் கிடந்தது. விடுவித்தோம். கசக்கிய தாளைப்போலிருந்த சிறகுகள் விரியவே இல்லை. ளுஹர் வரை அதை உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள். "நாமதானே வாப்பா அதுக்குச் சாப்பாடு போட்டோம்" என்றாள். அவள் என்னைக் குற்றஞ்சாட்டவில்லை. அதுதான் தாங்க முடியாததாயிருந்தது.

பக்கத்துத் தெருவில் நாட்டுத் தாவரங்கள் வளர்க்கும் முதியவர் ஒருவர் செடியைப் பார்த்ததுமே தலையசைத்தார். நான் நட்டது இம்மண்ணுக்குரிய மில்க்வீட் அன்று, வெப்பமண்டல வகை. நாட்டு வகைகள் குளிரில் பட்டுப்போய் வேரில் உறங்கும். இதுவோ எங்கள் ஊரின் இளங்குளிரில் பச்சையாகவே நிற்கும். இலையுதிர் காலத்தில் டெக்சாஸ் வழியாக மெக்சிகோவின் மலைக்காடுகளுக்குப் போகவேண்டிய மொனார்க்குகளில் சில, பசுமையைக் கண்டு இங்கேயே தங்கி முட்டையிடுகின்றன. அவற்றின் உடலில் ஒட்டியுள்ள ஒட்டுண்ணியின் வித்துகள் இலைமேல் உதிர்கின்றன. இலை உதிராததால் அவை சேர்ந்துகொண்டே போகின்றன. புழு இலையோடு அவற்றையும் தின்கிறது. ஏற்கனவே இவ்வினம் நலிந்திருக்கிறது: மெக்சிகோவில் இவை குளிர்காலத்தில் அடைந்திருந்த காட்டின் பரப்பு 1996-97இல் 18 ஹெக்டேர்; 2013-14இல் ஒரு ஹெக்டேர்கூட இல்லை.

பிடுங்கிவிடலாம் என்றேன். செடிகளில் இன்னும் நான்கு புழுக்கள் இருந்தன. "அதுங்க பட்டினி கிடக்குமே?" என்றாள். அவை கூடு கட்டும்வரை ஒரே ஒரு செடியை விட்டுவைத்தோம். சரியாகத்தான் செய்தோமா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

முதியவர் தந்த நாட்டுப் பச்சை மில்க்வீட் விதைகள் குளிர்ந்தால்தான் நன்கு முளைக்கும். ஈரத்தாளில் சுற்றி, குளிர்சாதனப்பெட்டியில் ஊறுகாய்ப் புட்டிக்கருகே ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்தோம். என் மனைவி பொறுத்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ். முளைத்தவை ஏழு. முதலாண்டு நாலைந்து இலைகளோடு நின்றுவிட்டன, பூவில்லை, புழுவில்லை. குளிர் வந்ததும் மண்ணோடு மறைந்தன. மகளுக்கு நம்பிக்கை போயிற்று. வசந்தத்தில், இன்ஷா அல்லாஹ், துளிர்க்கும் என்றேன். துளிர்த்தது, மறுபடி மறைந்தது.

இந்த மார்ச்சில், மெக்சிகோவிலிருந்து திரும்பும் காலத்தில், நிறம் மங்கி ஓரம் கிழிந்த ஒரு பெண் மொனார்க் வந்து ஐந்தங்குல உயரச் செடியொன்றைச் சுற்றியது. அது போனபின் இலையைத் திருப்பிப் பார்த்தோம். ஊசித்தலை அளவில், பால்நிறத்தில் ஒரே ஒரு முட்டை.

மகள் அச்செடியருகே ஓர் ஐஸ்குச்சியை அடையாளமாக நட்டுவைத்திருக்கிறாள். தண்ணீர் ஊற்றக்கூட என்னை அருகில் விடுவதில்லை.